இசிஜியில் எல்விஎச் (இடது கீழறைத் தசைத் தடிப்பு), எக்கோ நார்மல். எக்கோவில் தடிப்பு, இசிஜியில் ஒன்றுமில்லை: கணக்கு எங்கே உதைக்கிறது?

#1 கட்டத்தாள்

ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் கம்பெனி ஹெல்த் செக்கப் சீசன் தொடங்கிவிட்டது. பெங்களூரில் இந்த ரிப்போர்ட்டுகளைப் படிக்கிற தமிழ் டாக்டர்கள், டெக்னீஷியன்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். இரண்டு தாள்களை எடுத்துக்கொள்வோம். (புதியவர்களுக்கு: வி1 முதல் வி6 வரை நெஞ்சு லீடுகள், ஏவிஎல் கை-கால் லீடு. க்யூஆர்எஸ் கீழறையில் மின் அலை பரவுவது; அதில் மேலே ஏறும் முனை ஆர், அடுத்து இறங்கும் பள்ளம் எஸ். பிறகு எஸ்டி கோடு, தசை ஓய்வுக்குத் திரும்பும் டி அலை. க்யூஆர்எஸ் தொடக்கம் முதல் டி முடிவு வரை க்யூடி.)

தாள் அ: 26 வயது ஆண், 172 செ.மீ., 61 கிலோ. பிபி நார்மல். வி1-ல் எஸ் 18 மி.மீ., வி5-ல் ஆர் 22. கூட்டினால் 40. க்யூஆர்எஸ் 88 மில்லி செகண்ட். எஸ்டி, டி எல்லாம் சுத்தம்.

தாள் ஆ: 58 வயதுப் பெண், 158 செ.மீ., 74 கிலோ, பல வருட பிபி. வி1-ல் எஸ் 8, வி6-ல் ஆர் 12, மொத்தம் 20 தான். ஏவிஎல்லில் ஆர் 9, வி3-ல் எஸ் 12. க்யூஆர்எஸ் 98. வி5, வி6-ல் எஸ்டி 1 மி.மீ. கீழே சரிந்து டி தலைகீழாக நிற்கிறது. துடிப்பு 75, க்யூடி 420.

மெஷின் அ-வுக்கு 'எல்விஎச்' என்று அடிக்கிறது. ஆ-வுக்கு 'நான்ஸ்பெசிஃபிக் எஸ்டி-டி' (காரணம் இன்னதென்று சொல்ல முடியாத மாற்றம்) என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எக்கோவில் நேர் எதிர்: அ-வுக்குச் சுவர் 9 மி.மீ., ஆ-வுக்கு 14. தசை தடித்தால் வோல்டேஜ் ஏறும் என்றுதானே படித்தோம்?

#2 பர்கின்ஜி

படித்தது பொய்யில்லை, பாதிதான். தடிமனை அளக்க இசிஜிக்கு வழியே கிடையாது. இதயத்தில் பரவும் மின் அலையின் நிழல், தோல் வரைக்கும் வந்து சேரும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அது வரைகிறது.

இடது கீழறையின் உட்புறத்தில் பர்கின்ஜி இழைகள் விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் அலையைக் கொண்டுபோகும். அங்கிருந்து சுவரைத் துளைத்து வெளிப்புறம் வர வேண்டும்; சாதாரணத் தசைக்குள் வேகம் ஏறக்குறைய அரை மீட்டருக்குள் விழுந்துவிடும். 0.4 என்று வைத்தால் 9 மி.மீ. சுவரைக் கடக்க 22 மில்லி செகண்ட், 14 மி.மீ. சுவருக்கு 35. தடித்த இதயத்தில் ஆர் அலையின் உச்சி தள்ளிப்போவதும் க்யூஆர்எஸ் கொஞ்சம் அகலமாவதும் இதனால். வி5, வி6-ல் க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து ஆர் உச்சி வரை 50 மில்லி செகண்டைத் தொட்டால் அதைத் தனி அடையாளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தாளில் ஒன்றேகால் சின்னக் கட்டம்.

வோல்டேஜ் கதை வேறு. தசை கூடினால் அலை முகப்பு பெரிதாகி, மின் அம்பு இடப்பக்கமும் பின்னாடியும் நீளும். வி6 அதை எதிர்கொண்டு பார்ப்பதால் ஆர் உயரம். வி1 முதுகுப் பக்கமாகப் பார்ப்பதால் எஸ் ஆழம். ஒரே அம்புதான். 1949-இல் சோக்கோலோ, லயன் இருவரும் இவற்றைக் கூட்டி 35 என்ற கோட்டைப் போட்டார்கள். ஆனால் அம்புக்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவே கொழுப்பு, மார்பகம், காற்று நிறைந்த நுரையீரல் எல்லாம் இருக்கின்றன. அ ஒல்லி, இதயம் விலா எலும்பை ஒட்டியே இருக்கிறது, 9 மி.மீ. சுவரே 40 காட்டும். 35 வயதுக்குக் கீழே, ஒல்லியான ஆணுக்கு, வேறு ஒரு அடையாளமும் இல்லாமல் வோல்டேஜ் மட்டும் கூடியிருந்தால் அதை எல்விஎச் என்று எழுதக் கூடாது என்பது என் கட்சி. விளையாட்டு வீரர்களுக்கும் இதே விதி. ஆனால் அவர்களுக்கு வி5, வி6-ல் டி தலைகீழாக இருந்தால் மட்டும் 'பயிற்சியால் வந்தது' என்று விட்டுவிடாதீர்கள்.

#3 கட்டத்தாள்

அ புரிகிறது டாக்டர். ஆ?

#4 பர்கின்ஜி

ஆ-வுக்குத் தப்பான அளவுகோலை வைத்துவிட்டோம். கார்னெல் கணக்கைப் போடுங்கள். ஏவிஎல் ஆர் 9, வி3 எஸ் 12, மொத்தம் 21. ஆணுக்கு 28-க்கு மேல், பெண்ணுக்கு 20-க்கு மேல் போனால் பாசிட்டிவ். இவருக்குப் பாசிட்டிவ். அகலத்தையும் சேர்த்துப் பெருக்கும் கார்னெல் ப்ராடக்டில் பெண்ணுக்கு 6 கூட்ட வேண்டும்: 27 பெருக்கல் 98, ஆக 2,646. கோடு 2,440.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 1968-இல் ரோம்ஹில்ட்டும் எஸ்டெஸும் மார்க் போடும் முறை ஒன்றைக் கொடுத்தார்கள். டிஜாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடாதவருக்கு ஸ்ட்ரெயின் எஸ்டி-டி மாற்றம் (ஆ-வுக்கு இருப்பது போல எஸ்டி சரிந்து டி கவிழ்வது) 3 மார்க். க்யூஆர்எஸ் 90-ஐத் தொட்டால் 1. ஆர் உச்சி 50-ஐத் தொட்டால் 1. ஆ-வின் ஆர் உச்சி 50-க்கு மேல் இருந்தால் மொத்தம் 5. ஐந்து வந்தாலே உறுதி, நாலு என்றால் இருக்கலாம். வோல்டேஜுக்கு ஒரு மார்க்கும் வாங்காமலே பாஸ்.

#5 நாலாவது இடைவெளி

மெஷின் ஏன் ஆ-வை விட்டுச்சுன்னு கேட்டீங்கல்ல? முதல்ல தாளோட தலையைப் பாருங்க. கேம்ப்ல 200 பேர் க்யூவுல நிக்கும்போது பல இடத்துல வயசு, ஆண்/பெண் நிரப்பாமலே பட்டன் அமுக்கிடுவாங்க. மெஷின் எதை வெச்சிருக்கோ அதையே எடுத்துக்கும், பெரும்பாலும் நடுத்தர வயசு ஆண். ஆணுக்கு 28, பெண்ணுக்கு 20. 21 வந்தா எந்தப் பக்கம் விழும்? அதான் விஷயம்.

ரெண்டாவது, எலெக்ட்ரோடு இடம். வி1, வி2 நாலாவது விலா இடைவெளி. காலர் எலும்புக்குக் கீழே கண்ணால் கணக்குப் போட்டு வெச்சா ரெண்டாவது, மூணாவதுலதான் போய் உக்காரும். நெஞ்செலும்புல விரலை மேலிருந்து கீழே இழுத்துட்டு வந்தா ஒரு மேடு தட்டும். அதுக்குப் பக்கத்துல இருக்கறது ரெண்டாவது விலா. அதுக்குக் கீழே ரெண்டாவது இடைவெளி. அங்கிருந்து இன்னும் ரெண்டு இறங்குங்க. மேலே ஒட்டினா வி1-ல பி அலை (மேலறையோட அலை) முழுசா கவுந்துடும், பார்க்கறவங்க 'இடது மேலறை பெருசு'ன்னு எழுதிடுவாங்க. வி2-ல ஆர் செத்துப் போய் பழைய அட்டாக் மாதிரியும் தெரியும்.

வி4 அஞ்சாவது இடைவெளி, காலர் எலும்போட நடு நேர்க்கோட்டுல. வி5, வி6 ரெண்டும் வி4-க்கு நேர் கிடையா போகணும். விலா இடைவெளி போற வளைவைப் பிடிச்சுக்கிட்டே போனா மேல ஏறிடும், ஆர் உயரம் மாறிடும். பெண்களுக்கு மார்பகத்துக்கு அடியில ஒட்டணும். கூச்சப்பட்டு மேலயே ஒட்டிட்டு 'ஆர் குறைச்சல்'னு ரிப்போர்ட் போறது ரொம்ப சாதாரணம். வி3 கடைசியா, வி2-க்கும் வி4-க்கும் நடுவுல. கார்னெல் கணக்கே வி3-ஐ நம்பித்தான் ஓடுது, அது ஒரு விரல் நகர்ந்தாலும் போச்சு.

#6 ஓம் விதி

#5-இல் அண்ணன் சொன்னதோடு ஃபில்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி காலையில் இந்த ஊர் குளிரில் சட்டையைக் கழற்றிப் படுத்தால் யாருக்கும் தசை நடுங்கும். கோடு புல் முளைத்த மாதிரி வரும். உடனே டெக்னீஷியன் 40 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போடுவார், கோடு வழவழப்பாகிவிடும். ஆனால் ஆர், எஸ் உச்சிகளின் கூர்மை உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. ஃபில்டர் அதையும் சேர்த்து மழித்துவிடும். பெரியவர்களுக்கு 150 ஹெர்ட்ஸ் வரை திறந்து வைப்பதுதான் முறை. இன்வெர்ட்டர், கரண்ட் இரைச்சலுக்கு 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டர் தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள், பெரிய பாதகமில்லை.

கீழ்ப்பக்க ஃபில்டரும் முக்கியம். 0.05-இல் இருக்க வேண்டியதைக் கோடு அலைகிறது என்று 0.5-க்கு ஏற்றினால் எஸ்டி பகுதி வளைந்து கொடுக்கும். ஸ்ட்ரெயினா இல்லையா என்று 1 மி.மீ.-க்கு மல்லுக்கட்டும் இடத்தில் ஃபில்டர் செய்த எஸ்டியைப் படித்து என்ன பயன்? ஒரு போர்வை, மூடிய ஜன்னல், "அல்லாடபேடி, கை லூஸ் பிடி" (ஆடாதீர்கள், கையைத் தளர விடுங்கள்) என்று கன்னடத்தில் இரண்டு வார்த்தை. ஃபில்டரை விட இது நன்றாக வேலை செய்யும்.

#7 ராஜாஜிநகர் வாசி

ஒரு எதிர்க்கேள்வி. இத்தனை ஓட்டை இருக்கிற அளவுகோல் எதற்கு? எக்கோ வைத்தால் நேராகச் சுவரைப் பார்த்துவிடலாமே. 2017-இல் பெகுவேரோ-லோ பிரெஸ்டி என்று இன்னொரு சூத்திரம் வந்தது. எந்த லீடில் எஸ் ஆழமோ அதோடு வி4 எஸ்ஸைக் கூட்டு, ஆணுக்கு 28, பெண்ணுக்கு 23. எத்தனை சூத்திரம் வந்தாலும் இசிஜி எல்விஎச்சைத் தவறவிடுவதுதான் அதிகம்.

#8 பர்கின்ஜி

தவறவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைப்பதில்தான் கோளாறு. எக்கோ தசையின் அளவைச் சொல்லும். அந்தத் தசை மின்சார ரீதியாக எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இசிஜிதான் சொல்லும். எக்கோவில் எடை ஒன்றாகவே இருக்கும் இருவரில் இசிஜியிலும் மாற்றம் உள்ளவருக்கு ஆபத்து தனியாகக் கூடுகிறது.

ஏன் என்று கேட்டால் தசை நாருக்குள் போக வேண்டும். தடித்த செல்லில் பொட்டாசியத்தை வெளியே விடும் சேனல்கள் குறைகின்றன, சோடியம் கடைசி நேரத்தில் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் (செல்லில் ஒரு துடிப்புக்கான மின் மாற்றம்) நீள்கிறது. அதுவும் சுவர் முழுக்கச் சமமாக நீள்வதில்லை. நார்மலாக வெளி அடுக்கு கடைசியில் மின்னேறி, முதலில் ஓய்வுக்குத் திரும்பும். அதனால்தான் டி அலை ஆர் இருக்கும் பக்கமே நிமிர்ந்து நிற்கிறது. தடித்த சுவரில் வெளி அடுக்கின் மீட்சி பிந்துகிறது, டி கவிழ்கிறது. தசை வளர்ந்த அளவுக்கு நுண் ரத்தக் குழாய்கள் வளர்வதில்லை. உள் அடுக்கு அழுத்தத்தில் நசுங்கி ரத்தத்துக்கு ஏங்குகிறது, எஸ்டி கீழே இறங்குகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரெயின்.

இன்னொரு பக்கம் செல்களை இணைக்கும் கனெக்சின் 43. செல்லின் இரு முனைகளிலும் இருக்க வேண்டியது குறைந்து, பக்கவாட்டுக்கு ஒதுங்கிவிடுகிறது. நடுவே நார்த்திசு படிகிறது. அலை நேர் ரோட்டில் போகாமல் சந்து சந்தாக வளைந்து போய், போன இடத்துக்கே திரும்பி வரும் வழி கிடைத்தால் வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா (கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு). எக்கோவில் 14 என்ற எண் இதில் எதையும் காட்டாது.

2002-இல் வெளிவந்த லைஃப் ஆய்வில் 9,193 பேரைச் சேர்த்தது இசிஜி எல்விஎச்சை வைத்துத்தான். லோசார்ட்டன் ஒரு பக்கம், அட்டெனோலால் இன்னொரு பக்கம்; இரண்டும் பிபி மருந்துகள். சிகிச்சையின்போது இசிஜி மாற்றம் பின்வாங்கியவர்களுக்கு இதய ரத்தக் குழாய்ச் சிக்கல்கள் குறைந்தன.

#9 பாராஸ்டெர்னல்

எக்கோ பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. 'நேராகச் சுவரைப் பார்க்கலாம்' என்பதும் அவ்வளவு நேரில்லை. சுவர் தடிமன் மட்டும் போதாது, இடது கீழறையின் எடையை உடல் பரப்பால் வகுக்க வேண்டும். ஆணுக்கு சதுர மீட்டருக்கு 115 கிராம், பெண்ணுக்கு 95 தாண்டினால் எல்விஎச். சூத்திரத்தில் அளவுகள் மும்மடியாகப் போகின்றன. தாள் அ-வுக்கு செப்டம் (இரு கீழறைகளுக்கும் நடுச்சுவர்) 0.9, பின்சுவர் 0.9, உள்விட்டம் 4.8 செ.மீ. என்று வையுங்கள்: 148 கிராம், உடல் பரப்பு 1.7 என்றால் 87. இரண்டு சுவரிலும் 1 மி.மீ. கூட எடுத்துவிட்டால் போதும், 170 கிராம் ஆகிவிடும். 1 மி.மீ. என்பது கர்சரின் பருமன் அளவுதான். ஆ-வுக்கு 1.4, 1.3, 4.4 என்றால் 228 கிராம், பரப்பு 1.8-க்கு 126. சந்தேகமே இல்லை.

வலது கீழறைத் தசைக்கட்டு ஒன்று செப்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதையும் சேர்த்து அளந்து '16 மி.மீ.' என்று எழுதி வீட்டையே கலங்க வைப்பது நடக்கிறது. சாய்வாக வெட்டினாலும் இதே கதி.

ஆனால் இசிஜியும் எக்கோவும் ஒத்துப்போகாத இடம்தான் எனக்குப் பிடித்த இடம். சுவர் 15, 16 மி.மீ.; கை, கால் லீடுகள் ஒன்றிலும் க்யூஆர்எஸ் 5 மி.மீ. தாண்டவில்லை, வி1 முதல் வி3 வரை பழைய அட்டாக் மாதிரி க்யூ (ஆருக்கு முன்னால் வரும் பள்ளம்), ஆனால் அட்டாக் வந்த வரலாறே இல்லை. இங்கே தடித்தது தசை இல்லை. தசைக்கு நடுவே அமிலாய்டு புரதம் போய் அடைந்திருக்கிறது. மின்சாரம் தராத சரக்கு, அதனால் சுவர் பெருக்கிறது, வோல்டேஜ் படுத்துவிடுகிறது. இரண்டு மணிக்கட்டிலும் கார்பல் டனல் (நரம்பு நசுங்குவது) ஆபரேஷன் ஆனவரா, பல வருட பிபி மாத்திரை திடீரென்று தேவைப்படாமல் போனதா என்று கேளுங்கள். வோல்டேஜ் குறையாத அமிலாய்டும் உண்டு, ஆகவே நார்மல் வோல்டேஜை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது.

#10 நைட் டூட்டி

கேஷுவாலிட்டியில் தினம் மாட்டுகிற விஷயம் இன்னும் வரவில்லை. எல்விஎச் உள்ளவருக்கு நெஞ்சு வலி. வி1, வி2, வி3-ல் எஸ்டி 2, 3 மி.மீ. மேலே. அட்டாக்கா?

எஸ் ஆழமாக இருக்கும் லீடில் எஸ்டி எதிர்ப் பக்கமாக மேலே தூக்குவது எல்விஎச்சின் இயல்பு. தூக்கியிருக்கும் எஸ்டியை அந்த லீடின் க்யூஆர்எஸ் மொத்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். 30 மி.மீ. க்யூஆர்எஸ்ஸுக்கு 3 மி.மீ. என்றால் பத்தில் ஒன்று. கால் பங்கைத் தொட்டால் நிஜ அட்டாக் பக்கம் சாய வேண்டும். கையில் பழைய இசிஜி இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுங்கள்: எல்விஎச் எஸ்டி அப்படியே நிற்கும், அட்டாக் நகரும். ட்ரோப்போனின் (இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) எல்விஎச்சில் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம். முதல் எண்ணை விட இரண்டாவது எண் எவ்வளவு ஏறியது என்பதுதான் பேச்சு.

டி அலையின் வடிவத்தையும் கவனியுங்கள். ஸ்ட்ரெயினில் டி மெதுவாக இறங்கி, சட்டென்று ஏறும். இரண்டு பக்கமும் சமமாக, ஊசி மாதிரி இறங்கினால் ரத்தக் குறைவை நினையுங்கள். வி4, வி5-ல் 10 மி.மீ. ஆழத்துக்கு டி தொங்கினால் இதயத்தின் நுனி மட்டும் தடிக்கும் வகை. யமகுச்சி என்று ஜப்பானியர் பெயரில் சொல்வார்கள். சாதாரண எக்கோவில் நுனி சரியாகத் தெரியாமல் 'நார்மல்' என்று வந்துவிடும். எம்ஆர்ஐ கேளுங்கள்.

#11 பத்து மாத்திரை அட்டை

மருந்துப் பக்கம். ஆ-வின் க்யூடி 420, துடிப்பு 75. துடிப்பு இடைவெளி 0.8 விநாடி, அதன் வர்க்கமூலம் 0.894. வகுத்தால் க்யூடிசி (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி) 470. பெண்ணுக்கு 460 மேல் எல்லை. செல்லே பொட்டாசியத்தை மெதுவாக விடுகிறது என்று டாக்டர் #8-இல் சொன்னார். இந்த நிலையில் குளோர்தாலிடோன் 12.5 சேர்ந்த பிபி மாத்திரை பொட்டாசியத்தை இறக்கும். 'கேஸ் மாத்திரை' என்று மெடிக்கலில் சீட்டு இல்லாமலே வாங்கும் பேன்டோப்ரசோல்-டோம்பெரிடோன் கேப்ஸ்யூலில் டோம்பெரிடோன் க்யூடியை நீட்டும். பேன்டோப்ரசோலை மாதக்கணக்கில் விழுங்கினால் மெக்னீசியமும் இறங்கலாம். நடுவில் சளிக்கு அசித்ரோமைசின். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண மாத்திரைகள்தான். ஒன்றாகச் சேர்ந்தால் ஒரே சேனலை நாலு பக்கமும் அடைக்கின்றன. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் டோம்பெரிடோனை ஒரு நாளுக்கு 30 மி.கி., ஒரு வாரம் என்று சுருக்கியது. இங்கே வருடக்கணக்கில் ஓடுகிறது.

பொட்டாசியம் 4-க்குக் கீழே இறங்காமல் வைத்திருங்கள். டெல்மிசார்ட்டனோடு ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தால் எதிர்த் திசையில் ஏறும். ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்தாக வேண்டும். க்யூடிசி 500 தொட்டால் மேலே சொன்னவற்றில் எது தேவையில்லையோ அதை அன்றே நிறுத்தும் பேச்சு.

#12 கட்டத்தாள்

மேலறை பற்றி யாரும் பேசவில்லையே?

#13 பர்கின்ஜி

சுவர் தடித்தால் கீழறை விறைக்கும், நிரப்ப மேலறை கூடுதல் தம் கட்டித் தள்ள வேண்டும். வி1-ல் பி அலையின் கடைசிப் பாதி ஒரு சின்னக் கட்டம் ஆழமும் ஒரு கட்டம் அகலமும் இருந்தால் இடது மேலறை அவதிப்படுகிறது. லீட் 2-ல் பி 120 மில்லி செகண்டைத் தாண்டி இரட்டைத் திமிலாகத் தெரியும். அடுத்த கட்டம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை தாறுமாறாகத் துடிப்பது). விறைத்த கீழறை மேலறையின் கடைசித் தள்ளலை நம்பித்தான் வாழ்கிறது. அது நின்றால் நேற்று வரை மாடி ஏறியவர் இன்று படுக்க முடியாமல் மூச்சு வாங்குவார். காரணம் ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி (பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு நோய்) என்றால் ஃபிப்ரிலேஷன் ஒரு தடவை வந்தாலே, பக்கவாத ஆபத்து ஸ்கோர் பார்க்காமல் ரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து. ரிதத்தைப் பிடிக்க ஃப்ளெக்கைனைடு தடித்த இதயத்துக்கு வேண்டாம்.

பிபியே இல்லாதவருக்கு 15 மி.மீ., அல்லது உறவில் யாருக்காவது நோய் இருந்து இவருக்கு 13 என்றால், பரம்பரை வகையை யோசியுங்கள். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு அது உண்டு. பக்க லீடுகளில் கத்தி முனை மாதிரி ஒல்லியான, ஆழமான க்யூ ஒரு துப்பு. 24 முதல் 48 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொள்ளும் தொடர் இசிஜி) போட்டு, தொடர்ந்து மூன்று துடிப்பு வென்ட்ரிக்குலர் டாக்கி வருகிறதா பார்க்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் இசிஜி, எக்கோ. நம் பக்கத்து விசேஷம் ஒன்று: எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. 2009-இல் வந்த அந்த ஆய்வில் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தாருக்கும் பங்குண்டு. அது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஜீன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து யாரையும் நோயாளி ஆக்கிவிடாதீர்கள்.

#14 ராஜாஜிநகர் வாசி

சரி, இசிஜியைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். கடைசியாக ஒன்று. ஆ-வுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பது?

#15 பர்கின்ஜி

மாதாமாதம் வேண்டாம். பிபி 130/80-க்குக் கீழே வந்து ஆறு மாதம் கழித்து ஒரு இசிஜி, ஒரு வருடத்தில் எக்கோ. முன்னது எடுத்த அதே இடத்தில் எலெக்ட்ரோடு இருந்தால்தான் ஒப்பிட முடியும். மருந்து மாற்றினால் மட்டும் க்யூடிக்காக முன்கூட்டியே ஒன்று.

#16 ஓம் விதி

ஒப்பிடும்போது தாளின் ஓரத்தில் இருக்கும் அளவுப் பெட்டியையும் பாருங்கள். 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். எல்விஎச்சில் வி2, வி3, வி4 அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும் என்று மெஷினே நெஞ்சு லீடுகளை மட்டும் பாதியாகக் குறைத்து '10/5' என்று பொடி எழுத்தில் அடிக்கும். பெட்டி படிக்கட்டு மாதிரி இருக்கும். கவனிக்காமல் கட்டத்தை எண்ணினால் 44 என்பது 22 ஆகிவிடும். 'மருந்தில் நல்ல முன்னேற்றம்' என்று எழுதியும் விடுவார்கள்.

#17 நாலாவது இடைவெளி

சில மெஷின்ல அந்த எழுத்து தாளோட கிழிக்கிற ஓரத்துல வரும். கிழிச்சு ஃபைல்ல ஒட்டும்போது அதோட போயிடும். ஒட்டறதுக்கு முன்னாடி பேனாவால தாள் நடுவுல '5 மி.மீ.'ன்னு எழுதிடுங்க.